ஏரியில் எழுந்த நகர்

"எங்கே செல்கிறீர்?" என்று கேட்டால், "டி. நகருக்கு" என்கின்றனர். பேருந்தின் நெற்றியில் அந்தப் பெயர். துணிக்கடைப் பையில் அந்தப் பெயர். தீபாவளிக்கு முந்திய நாள்களில் செய்தித்தாளின் முதற்பக்கத்து மக்கள் வெள்ளப் படத்தின் கீழும் அதே பெயர். ஓர் எழுத்து, ஒரு புள்ளி, ஒரு நகர்! அந்த ஓர் எழுத்துக்குள்ளே ஒரு மனிதர் இருக்கிறார். அவருக்குப் பின்னே ஓர் இயக்கம் இருக்கிறது. அந்த நகரின் அடியிலே ஓர் ஏரி இருக்கிறது. எழுத்தைச் சொல்வோர் இலட்சக்கணக்கினர். மனிதரையும் இயக்கத்தையும் ஏரியையும் நினைப்போர் எத்தனை பேர்?

நாம் பாடம் நடத்தும் வகுப்பில் ஒருநாள் மாணவரைக் கேட்டோம்: "உஸ்மான் சாலை என்கிறோமே, உஸ்மான் யார்?" மாணவன் ஒருவன் எழுந்து, "நகைக்கடை முதலாளி ஐயா" என்றான். "டாக்டர் நாயர்?" என்றோம். "அந்தத் தெருவில் மருத்துவமனை வைத்திருந்தவர்" என்றாள் ஒரு மாணவி. வகுப்பு நகைக்கவில்லை. சரியான விடைகள் என்றே அனைவரும் நம்பினர். நமக்குச் சினம் எழவில்லை, நாணமே எழுந்தது. அசோகர் நட்ட மரங்களையும் அவர் வெட்டிய கிணறுகளையும் மனப்பாடம் செய்வித்த நாம், அவர்கள் நாள்தோறும் நடக்கும் சாலையின் வரலாற்றைச் சொல்லித் தரவில்லை. குற்றம் பிள்ளைகளுடையதா, நம்முடையதா?

ஆகவே அந்த வரலாற்றை இங்கே எழுதுகிறோம். புகழ்பாடுவதற்காக அன்று, நம் முன்னோர் செய்த நன்மையையும், செய்யத் தவறியதையும் ஒருங்கே எடுத்து நிறுத்துப் பார்ப்பதற்காக. முன்னோர் சொன்னது என்பதற்காக எதையும் ஏற்காதே என்று கற்ற நாம், நம்முடைய முன்னோருக்கு மட்டும் விலக்கு அளிக்கலாமா?

* * *

ஊர் என்பது வீடுகளின் தொகுதி மட்டுமா? யார் எங்கே வாழலாம், யார் எவ்வழியே நடக்கலாம், யார் எந்தக் கிணற்றில் நீர் மொள்ளலாம் என்ற கேள்விகளுக்கு மண்ணிலே வரைந்து வைத்த விடை அது. சட்டநூலைப் படிக்காதவனும் தெருவைப் படிக்கிறான். எந்தத் தெருமுனையில் நிற்க வேண்டும், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதைத் தெருவே அவனுக்குக் கற்பித்துவிடுகிறது.

மயிலையைப் பாருங்கள், திருவல்லிக்கேணியைப் பாருங்கள். நடுவே கோயில், அருகே குளம், சுற்றிலும் மாட வீதிகள். கோயிலுக்கு எவ்வளவு அருகில் ஒருவன் வாழ்கிறான் என்பதே அவனுடைய உயர்வுக்கு அளவுகோல். அளவுகோலைச் செய்தது பிறப்பு. அருகில் அக்கிரகாரம்; அடுத்தடுத்து ஏனையோர்; ஊர் எல்லைக்கு வெளியே சேரி. கல்லால் ஆன தெய்வத்தை ஏற்றிக்கொண்டு தேர் உருளும் தெருவிலே, அந்தத் தேருக்கு மரம் வெட்டிய மனிதன் நடக்கக்கூடாது! இதுதான் பழைய நகரமைப்புக் கலை.

வெள்ளையர் வந்தனர். 1639-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கடற்கரையில் காலூன்றியது. கோட்டை எழுந்தது. கோட்டைக்குள் வெள்ளையர் நகர். வெளியே கறுப்பர் நகர். நிறத்தால் பிரித்தவன் அயலான். அந்தக் கறுப்பர் நகருக்குள்ளே நம்மவர் என்ன செய்தனர்? வலங்கை, இடங்கை என்று பிரிந்து நின்று, எந்தத் தெருவில் எவர் ஊர்வலம் போவது என்று அடித்துக்கொண்டனர். 1707-ஆம் ஆண்டில் பூசல் முற்றியபோது, ஆளுநர் தாமஸ் பிட் தலையிட்டு இரு பிரிவினருக்கும் இடங்களை வரையறுக்க வேண்டியதாயிற்று. பெத்துநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியாலுப்பேட்டை இடங்கைக்கு! வணிகம் செய்ய வந்தவனைத் தெருவைப் பங்கிடும் நடுவனாக்கிய பெருமை நமக்கு உண்டு.

1734-ஆம் ஆண்டில் கூவம் ஆற்றின் வளைவில் சிந்தாதிரிப்பேட்டையைக் கம்பெனி அமைத்தது. அதுவும் திட்டமிட்டு உருவாக்கிய புறநகரே. கம்பெனிக்குத் துணி வேண்டும். துணிக்குத் தறி வேண்டும். தறிக்கு நெசவாளர் வேண்டும். எனவே நூற்போரையும் நெய்வோரையும் சாயமிடுவோரையும் கொண்டுவந்து ஓரிடத்தில் குடியேற்றினர். தொழில் எதுவோ அதற்கேற்ற இடம்; தொழிலோ பிறப்பின் வழி வந்தது. ஆக, கோயில் வகுத்த ஊரிலும் சாதி. கம்பெனி வகுத்த ஊரிலும் சாதி. இருவேறு ஆட்சிகள், ஒரே வரைபடம்!

* * *

இந்தப் பின்னணியை மனத்தில் இருத்திக்கொண்டு இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம்.

நீதிக்கட்சி என்று மக்கள் அழைத்த தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் தோன்றிய ஆண்டு 1916. அதே ஆண்டில், சங்கம் தோன்றுவதற்குச் சில திங்களுக்கு முன், டாக்டர் சி. நடேசனார் திருவல்லிக்கேணியில் ஒரு விடுதி திறந்தார். ஏன்? சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வந்த பார்ப்பனரல்லாத மாணவருக்குச் சென்னையில் தங்க இடமில்லை. கையில் பணம் இருந்தும் இடமில்லை. கல்லூரியில் சேர்ந்த பிறகும் இடமில்லை. பிறப்பைக் கேட்டன விடுதிகள். "திராவிடர் இல்லம்" என்று அந்த விடுதிக்குப் பெயர். பின்னே பெருமரமாக வளர்ந்த இயக்கத்தின் விதை ஒரு மாணவர் தங்குமிடம்! தேர்தலும் அமைச்சரவையும் பிறகு வந்தன. முதலில் எழுந்த கேள்வி, "எமக்கு இந்த நகரில் இடம் எங்கே?" என்பதுதான்.

முன்பு மாநகராட்சி மன்றத்தில் எதிரெதிரே நின்ற தியாகராயரையும் டாக்டர் டி.எம். நாயரையும் ஒரே மேடையில் நிறுத்தியவரும் நடேசனாரே. நாயர் 1919-ஆம் ஆண்டில் இலண்டனில் மறைந்தார். வகுப்புரிமைக்காக அங்கே வாதாடச் சென்றவர் திரும்பவே இல்லை. தியாகராயர் நெசவுத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநகராட்சியின் தலைவராக விளங்கியவர். அவர் தலைமையில் மாநகராட்சி 1920-ஆம் ஆண்டு ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தர முடிவெடுத்தது. அதே ஆண்டின் இறுதியில் கட்சி தேர்தலில் வென்றது. முதலமைச்சர் பதவி தேடி வந்தது, ஏற்க மறுத்தார். சுப்பராயலு ரெட்டியாரும், அவருக்குப் பின் 1921 முதல் 1926 வரை பானகல் அரசரும் அப்பொறுப்பை வகித்தனர்.

அன்றைய சென்னை நெரிசலில் திணறியது. 1921-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 27 ஆயிரம். பத்தே ஆண்டுகளில் அது 6 இலட்சத்து 47 ஆயிரமாக ஏறியது. ஜார்ஜ் டவுனில் வீட்டின்மேல் வீடு. மயிலையிலும் அல்லிக்கேணியிலும் பழைய தெருக்கள். எழுத்தர், ஆசிரியர், வழக்கறிஞர், அலுவலர் என்று புதிதாகப் படித்து வந்த கூட்டத்துக்கு வீடு எங்கே?

நகர் அமைப்பது ஓர் அறிவியல் என்ற எண்ணம் உலகில் பரவிக்கொண்டிருந்த காலம் அது. இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்டு 1898-ஆம் ஆண்டில் தோட்ட நகர்க் கொள்கையை எழுதினார். 1903-ஆம் ஆண்டில் லெட்ச்வொர்த் நகர் தொடங்கியது. ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ் தம் நகரமைப்புக் கண்காட்சியுடன் சென்னைக்குப் புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை 1914-ஆம் ஆண்டில் ஜெர்மானியரின் எம்டன் மூழ்கடித்தது! சென்னையை நடுங்கவைத்த அதே எம்டன்தான். கெடிஸ் மனம் தளரவில்லை. புதிதாகப் படங்களைத் திரட்டி 1915-ஆம் ஆண்டில் இங்கே கண்காட்சி நடத்தினார். 1920-ஆம் ஆண்டில் சென்னை நகரமைப்புச் சட்டம் பிறந்தது. கருத்து கப்பலோடு மூழ்குவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

* * *

நகரின் மேற்கெல்லையில் ஒரு நீண்ட ஏரி கிடந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளம். பிறை போன்று வளைந்த நீர்ப்பரப்பு. மயிலை ஏரி, நுங்கம்பாக்கம் ஏரி என்று பகுதிக்கொரு பெயர். அதற்கு மேற்கே மாம்பலம் சிற்றூர். இரயில் பாதை ஏற்கெனவே வந்துவிட்டது. மாம்பலத்தில் நிலையமும் எழுந்துவிட்டது. நகருக்கு அருகில் நிலம் வேண்டும். இரயிலுக்கு அருகில் வேண்டும். ஏரியின் மீது விழுந்தது கண். 1923-ஆம் ஆண்டு தொடங்கி ஏரி வடிக்கப்பட்டது, தெருக்கள் கோடிடப்பட்டன, மனைகள் பிரிக்கப்பட்டன. 1925-ஆம் ஆண்டில் தியாகராயர் மறைந்தார். புதிய நகர் அவர் பெயரைத் தாங்கியது: தியாகராய நகர்!

அந்த வரைபடத்தின் நடுவே என்ன வைத்தார்கள் என்று பாருங்கள். கோயில் இல்லாத ஊர் ஊரே அன்று என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட நாடு இது. அந்த நாட்டிலே ஒரு புதிய ஊரின் நடுவிடத்தில் வைக்கப்பட்டது ஒரு பூங்கா. பானகல் பூங்கா! சாலைகள் வந்து கூடுவது அங்கே. பிரிந்து செல்வதும் அங்கிருந்தே. பூங்காவுக்குக் கருவறை இல்லை. இன்னார் இதுவரை வரலாம், இன்னார் அதற்கப்பால் போகலாகாது என்ற கோடு இல்லை. மரநிழலுக்கு வருணம் தெரியாது. பூங்காவுக்கு அருகில் வீடு வாங்கியவன் அதனால் புனிதன் ஆகிவிடவில்லை. நல்ல காற்று வாங்கினான், அவ்வளவே.

இதைத் திட்டமிட்டோர் சனாதனத்துக்கு எதிராகப் போர் முரசு கொட்டித்தான் செய்தனரா? அப்படி நாம் சொல்லவில்லை. அவர்களில் கடவுள் பற்றாளர் பலர் உண்டு. பிற்காலத்தில் அதே நகரில் கோயில்களும் எழுந்தன. வெங்கடநாராயணா சாலையில் திருப்பதி தேவஸ்தானத்தின் கோயில் வாயிலில் நிற்கும் வரிசையை இன்றும் காணலாம். நாம் சொல்வது வேறு. மனையை அளந்து, எண் கொடுத்து, விலை வைத்து விற்கும் முறை வந்தபோது, "இந்தத் தெரு இந்தச் சாதிக்கு" என்ற எழுத்து வரைபடத்திலிருந்து நீங்கியது. சிந்தாதிரிப்பேட்டைக்கும் தியாகராய நகருக்கும் இடையே ஓடிய ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பொருள் அதுதான்.

தெருப்பெயர்களும் அதைச் சொல்கின்றன. டாக்டர் நாயர் சாலை, நடேசன் பூங்கா, தணிகாசலம் சாலை ஆகியவை இயக்கத் தலைவர்களின் நினைவு. உஸ்மான் சாலை, நீதிக்கட்சியைச் சேர்ந்த முகமது உஸ்மானின் நினைவு. மாநகராட்சித் தலைவராக இருந்த அவர் 1934-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநரானார். அந்த இருக்கையில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. ஹபிபுல்லா சாலை, பஸ்லுல்லா சாலை, வெங்கடநாராயணா சாலை, போக் சாலை என்று தமிழரும் தெலுங்கரும் மலையாளியும் முஸ்லிமும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து நிற்கின்றனர். புராணத்திலிருந்து பெயர் தேடாமல், தம் காலத்தில் வாழ்ந்து பணிபுரிந்த மனிதரின் பெயரை மண்ணுக்கு இட்டனர்.

* * *

தியாகராய நகரின் சாலைகள் போடப்பட்ட அதே ஆண்டுகளில், சாலை என்ற சொல்லே ஒரு போர்க்களமாக இருந்தது என்பதை மறத்தல் ஆகாது.

1924-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வைக்கம் கிளர்ச்சி தொடங்கியது. கோயிலுக்குள் நுழையவா? அன்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க! நாயும் பன்றியும் நடக்கும் தெருவிலே ஈழவரும் புலையரும் நடப்பதற்காகப் பெரியார் சென்றார், இருமுறை சிறைப்பட்டார். 1925-ஆம் ஆண்டு இறுதியில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன.

1924-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றுக்குச் செல்ல எல்லா வகுப்பினருக்கும் உரிமை உண்டு, ஒடுக்கப்பட்டோருக்கும் உண்டு. மன்றம் ஏற்றது, அரசு ஆணை வெளியிட்டது. ஆணை வந்தவுடன் தெரு திருந்திவிட்டதா? அதே ஆண்டு நவம்பரில், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேர்த் திருவிழா. அக்கிரகாரத் தெருவில் நுழைந்த ஒடுக்கப்பட்ட மக்கள் தடுக்கப்பட்டனர், மோதல் எழுந்தது. அரசின் தாள் ஒன்று சொன்னது. அக்கிரகாரத்தின் ஆணவம் வேறொன்று சொன்னது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒரே மாகாணம், ஒரே ஆண்டு. கல்பாத்தியில் பழைய தெரு. மாம்பலத்தில் புதிய தெரு. பழைய தெருவில் நடப்பதற்குத் தீர்மானம் வேண்டும், ஆணை வேண்டும், அடிபட ஆள் வேண்டும். புதிய தெருவில் நடக்க இரு கால்கள் போதும். பழையதைத் திருத்துவது எவ்வளவு கடினம், புதியதை நேராகத் தொடங்குவது எவ்வளவு பயன் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

* * *

பாராட்டு இத்துடன் நிற்கட்டும். இனி மறுபக்கம்.

நடக்க அனைவருக்கும் உரிமை; சரி. குடியிருக்க? மனைக்கு விலை உண்டு. விலை கொடுக்கத் தலைமுறைச் செல்வமோ அரசு ஊதியமோ வேண்டும். அவை எவரிடம் இருந்தன? எவர் படிக்க விடப்பட்டனரோ அவரிடம். ஆக, முன் வாயிலில் துரத்தப்பட்ட சாதி, பணம் என்ற சட்டையை மாட்டிக்கொண்டு பின் வாயிலில் வந்து அமர்ந்தது. ஏரிக்கரையை வெட்டியவர், மண் சுமந்தவர், செங்கல் அறுத்தவர் பெயரில் அங்கே சாலை இல்லை. சாலை இல்லாவிட்டால் போகட்டும். அவர்கள் குடியிருக்கும் அளவுக்கு ஒரு மூலை?

1921-ஆம் ஆண்டை நினைவிற் கொள்வோம். பின்னி ஆலையில் வேலைநிறுத்தம். புளியந்தோப்பில் ஆதிதிராவிடருக்கும் பிற தொழிலாளருக்கும் மோதல். தீ, துப்பாக்கிச் சூடு, சாவு. அந்த நேரத்தில் நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடர் பக்கம் நிற்கவில்லை, தியாகராயரும் நிற்கவில்லை. மனம் கசந்த எம்.சி. ராஜா 1923-ஆம் ஆண்டில் கட்சியை விட்டு வெளியேறினார். மாம்பலத்து ஏரியை வடிக்கத் தொடங்கிய அதே 1923! "எமக்கு இந்த நகரில் இடம் எங்கே?" என்று கேட்டுப் பிறந்த இயக்கம், அதே கேள்வியைத் தன்னிடம் கேட்டவருக்கு விடை சொல்லத் திணறியது. இதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது; அது தல புராணம் ஆகும்.

அந்தக் குறையை உணர்ந்து முன்னே நடந்தது சுயமரியாதை இயக்கம். 1929-ஆம் ஆண்டில் செங்கல்பட்டில் முதல் மாகாண மாநாடு. தலைவர் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார். பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டத்தை விடுக என்றது மாநாடு. அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் இல்லை என்று ஆணையிட்டவர். தியாகராய நகரில் பாண்டி பஜார் என்று மக்கள் அழைக்கும் கடைத்தெரு இன்று அவர் பெயரால் சௌந்தரபாண்டியனார் அங்காடி என வழங்குகிறது. சாலையைத் திறந்தவர்களின் வரிசைக்குப் பக்கத்தில், சாலையில் ஓடும் வண்டியைத் திறந்தவரும் வந்து நின்றார்.

தெருப்பலகையில் உள்ள சாதிப் பட்டங்களை என்ன செய்வது? 1970-களின் இறுதியில் அவற்றை நீக்க ஆணை பிறந்தது. சில பலகைகள் மாறின, சில மாறவில்லை. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு மீண்டும் ஆணை பிறப்பித்தது. வால் போகட்டும்; வரவேற்போம். ஆனால் வாலை வெட்டும் கத்தி ஆளையும் வெட்டிவிடலாகாது. நாயர் என்ற சொல்லை நீக்கிவிட்டு "டாக்டர் சாலை" என்று எழுதினால், அங்கே ஊசி போடுவார்கள் என்றுதான் பிள்ளை நினைப்பான். பட்டத்தை நீக்கும் பலகையிலேயே அவர் செய்த பணியை ஒரு வரி எழுதினால் என்ன? பெயர் எதற்காக வைக்கப்பட்டது என்பது மறந்துவிட்டால், பெயர் வைத்தும் பயனில்லை.

* * *

1931-ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடியது. வந்தது வண்டி, வளர்ந்தது நகர். பின்னாளில் பஸ்லுல்லா சாலையில் இராஜாஜி, திருமலைப்பிள்ளை சாலையில் காமராசர், ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். என்று தமிழ்நாட்டு அரசியலே அங்கே குடியிருந்தது. தணிகாசலம் சாலையில் இந்தி பிரசார சபை! நீதிக்கட்சித் தலைவரின் பெயர் தாங்கிய சாலையில் இந்திக்குப் பள்ளி. வரலாறு செய்யும் குறும்பு இது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கு அதே நகரில் சிலை எழுந்தபோது, 1969-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் நோயுற்ற உடலோடு வந்து திறந்துவைத்தார் அண்ணா. அவர் கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அது.

குடியிருப்பு நகர் மெல்ல மெல்லக் கடைத்தெரு நகராயிற்று. வீட்டின் முன்னறை கடையாயிற்று, கடை மாளிகையாயிற்று, மாளிகை அடுக்கின்மேல் அடுக்காயிற்று. தென்மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞரும் இளம்பெண்களும் விற்பனைப் பணியில் சேர்ந்தனர். காலைமுதல் இரவுவரை நின்றனர். வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் நின்றனர். உட்கார நாற்காலி இல்லை; இருந்தாலும் உட்கார உரிமை இல்லை. 1924-ஆம் ஆண்டில் நடப்பதற்குத் தீர்மானம் தேவைப்பட்ட நாட்டில், 2021-ஆம் ஆண்டில் உட்காருவதற்குச் சட்டம் தேவைப்பட்டது! கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் விதித்தது. சட்டம் வந்தது நன்று. இருக்கையில் ஆள் அமர்கிறாரா என்று பார்ப்பது நம் வேலை. அடுத்தமுறை புடவை எடுக்கச் செல்லும்போது புடவையின் கரையை மட்டும் பார்க்காமல், எடுத்துக் காட்டும் பெண்ணின் பின்னே ஒரு நாற்காலி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2019-ஆம் ஆண்டு நவம்பரில் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. ஊர்தி உடையவனிடமிருந்து ஒரு பகுதித் தெருவை மீட்டுக் காலால் நடப்பவனுக்குத் தந்த செயல் அது. நல்லதே. நடைபாதையில் கடை விரித்துப் பிழைத்தவருக்கும் நகரின் கணக்கில் ஓர் இடம் உண்டென்று நினைத்தால் அது இன்னும் நல்லது.

* * *

ஏரியை மறந்தோமே! ஏரி நம்மை மறக்கவில்லை.

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் தியாகராய நகரும் மாம்பலமும் நீரில் நின்றன. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும். வருண பகவானின் சினம் என்றார் ஒருவர். பாவம் பெருகியதன் பலன் என்றார் மற்றொருவர். பாவம் மாம்பலத்தில் மட்டுமா பெருகியது? நீர் தாழ்ந்த இடத்தைத் தேடும். ஏரி இருந்த இடம் தாழ்ந்த இடம். மாம்பலத்திற்கு மேற்கே இன்றும் "ஏரிக்காட்சி சாலை" என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் தாங்கிய சாலை உண்டு. நுங்கம்பாக்கத்தில் ஏரிப்பகுதி என்றே ஒரு குடியிருப்பு உண்டு. பெயர்ப்பலகை உண்மையைக் கூவுகிறது, படிப்பவர்தாம் இல்லை. வடிகாலை அடைத்தோம், கால்வாயைச் சுருக்கினோம், மண்ணைச் சிமெண்டால் மூடினோம். நீர் தன் பழைய முகவரிக்கு வந்து கதவைத் தட்டியது.

1923-ஆம் ஆண்டில் ஏரியை வடித்தவர் மூடர் அல்லர். வீடு வேண்டும் என்று கணக்குப் போட்டனர். அது சரியான கணக்கு. நீர் எங்கே போகும் என்ற கணக்கை முழுமையாகப் போடவில்லை. பகுத்தறிவு என்பது பாதிக் கணக்கோடு எழுந்துவிடுவது அன்று. யாகம் செய்தால் மழை வரும் என்பவனைப் பார்த்து நகைக்கும் நாம், ஏரியில் வீடு கட்டினால் நீர் வராது என்று நம்பியதும் ஒரு மூடநம்பிக்கையே என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

* * *

நூறாண்டு கடந்துவிட்டது. இன்றும் சென்னையின் விளிம்பில் புதிய குடியிருப்புகள் எழுகின்றன. 1970-ஆம் ஆண்டில் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு என்பது பெருநோக்கமாக இருந்தது. பின்னர்க் காற்று திசை மாறியது. 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், அதன்பின் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் நடுவே வாழ்ந்த ஏழை மக்கள் ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வைக்கப்பட்டனர். கூவத்தின் கரையில், அடையாற்றின் கரையில் வாழ்ந்தவர், 2015-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டனர். வேலை நகரில், வீடு விளிம்பில். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்தில்! வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி, நீர் தேங்கும் பகுதிக்கு அனுப்பும் விந்தையை என்னென்பது?

1923-ஆம் ஆண்டில் விளிம்பு நிலம் படித்தவருக்குக் கிடைத்தது, அவர்களைத் தேடி இரயில் வந்தது, பூங்கா வந்தது, கடை வந்தது, விளிம்பே நடுவாயிற்று. 2000-ஆம் ஆண்டில் விளிம்பு நிலம் ஏழைக்குக் கிடைத்தது. அவனோ பேருந்துக்காகக் காத்து நிற்கிறான். இரண்டும் திட்டமிட்ட புறநகர்களே. ஒன்றில் மனிதனுக்காக ஊர் திட்டமிடப்பட்டது. மற்றொன்றில் ஊருக்காக மனிதன் ஒதுக்கப்பட்டான். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடம், அடுக்குமாடி உருவில் மீண்டும் தலைகாட்டுகிறதோ என்று அஞ்சுகிறோம்.

ஆகவே எந்தப் புதிய நகரின் வரைபடத்தை எந்த அரசு விரித்தாலும், நாம் கேட்க வேண்டியவை சில. நடுவே என்ன இருக்கிறது? உழைப்பவனுக்கு வீடு எத்தனை, அவன் வேலைக்குச் செல்ல வழி எது? நீர் எங்கே போகும்? தெருவுக்கு வைக்கும் பெயர் எவருடையது, ஏன்? சாலையின் அகலத்தைக் கண்டு மயங்கிவிடாமல், அந்தச் சாலையின் ஓரத்தில் வாழ எவருக்கு இடம் தரப்பட்டது என்று பார்த்தே நகரை மதிப்பிட வேண்டும்.

அந்த வகுப்பு முடிந்த வாரத்தில் மாணவர்களைப் பானகல் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். மரநிழலில் அமர வைத்து, நடேசனாரின் விடுதிக் கதையைச் சொன்னோம். உஸ்மானை நகைக்கடை முதலாளி என்று சொன்ன அதே மாணவன் கேட்டான்: "ஐயா, அன்றைக்கு இடம் இல்லை என்று சொன்னவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்களா?"

அவனுக்கு நாம் உடனே விடை சொல்லவில்லை. அவன் தந்தை அந்த ஆண்டில் வாடகை வீடு தேடி எத்தனை வாயிற்படி ஏறினார், எத்தனை இடத்தில் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்ற கேள்வியைக் கேட்டார் என்பது நமக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். விடை தெரிந்தே கேட்டான்.

நூறாண்டுக்கு முன் திருவல்லிக்கேணியில் எழுந்த கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு விடை எழுதும் பொறுப்பு இப்போது நம் தலைமுறையிடம் வந்திருக்கிறது.